ரிஸ்வி நானாவின் இரண்டு சீட்டு

றொசல்லவில் வீடும் ஹட்டனில் பெயின்ட் கடையும் வைத்திருக்கும், ஊரே அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைக்கும் ரிஸ்வி, தன் வேனை விற்றதற்கு எல்லோரிடமும் சொன்ன காரணம் டீசல் விலை. உண்மையான காரணம் ஊர். கலியாணமோ, மையத்து அடக்கமோ, தோட்டத்துக் கோயில் திருவிழாவோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ, எதற்கும் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய வேன்தான். கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் தனக்குப் பதிலாக இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு வாகனத்தைத் தேடினார்.

அது நுவரெலியாவில் கிடைத்தது. ஏப்ரல் சீசனுக்கு வந்த கொழும்புக்காரர் ஒருவர் ஒரே மழையில் ஞானம் பெற்று விற்றுவிட்டுப் போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வயது முப்பதுக்கு மேல். துணிக் கூரை. இரண்டே சீட்டு.

"ஒன்டு எனக்கு, ஒன்டு ஒங்களுக்கு," என்றார் மனைவி ரிஃப்னாவிடம். "மூணாவது ஆளுக்கு எடமே இல்ல. இனி யாரு கேக்கப் போற?"

ரிஃப்னா காரை ஒருமுறை சுற்றி வந்தாள். "மழைக்கு?"

"ஹூட் ஈக்கிதே."

"ஹூட்டுல ஓட்ட ஈக்கிது."

ஆனாலும் அவள் மறுக்கவில்லை. கொட்டகலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் அவள் ஆசிரியை. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளைத் தன்னிடம் தரவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அந்த வகுப்புக்கு மணி அடிக்கும் முன்னரே ஒரு பாடம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அதிபர் தம்பிஐயா பளிச்சென்று சொல்லிவிட்டார்: "உங்கட படிப்பிப்பில எனக்கு ஒரு குறையும் இல்லை, ரீச்சர். நேரத்துக்கு வருவீங்களோ எண்டதுதான் கேள்வி. இந்தத் தவணை முடியுமட்டும் பாப்பம்."

விற்ற வேன் வளைவுக்கு வளைவு நின்று ஆளேற்றியதால்தான் அவள் பிந்தினாள். பஸ்ஸோ வரும்போதே நிறைந்துதான் வரும். ஆக, அந்த இடது பக்கத்துச் சீட்டு அவளுக்குச் சீட்டு மட்டுமல்ல, அந்த வகுப்பும்கூட.

முதல் வாரம் எல்லாம் சரியாக நடந்தது. வட்டவளைப் பக்கத்து மழை ஹூட்டின் கிழிசலைத் தேடிப் பிடித்து நேராக அவள் மடியில் விழுந்ததால், ரிஸ்வி கடையிலிருந்து பெயின்ட் சிந்தாமல் விரிக்கும் பொலித்தீனைக் கொண்டுவந்து அவளைக் கழுத்துவரை மூடினார். உறை பிரிக்காத புது மெத்தையைப் போல அவள் பாடசாலை வாசலில் போய் இறங்கினாள். ஆனால் நேரத்துக்கு இறங்கினாள்.

ரிஸ்வி யோசிக்க மறந்தது ஒன்று உண்டு. வேனில் சிலவேளையாவது கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, ரோட்டில் நிற்பவரைக் காணாதவர் போலப் போய்விடலாம். கூரையில்லாத காரில் முகத்தை எங்கே ஒளிப்பது? ஏற்றத்தில் தேயிலைக் கொழுந்து லொறிக்குப் பின்னால் கார் நடைவேகத்தில் ஊரும்போது, கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தோட்டத்துக் காளியாயி கதவில் கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்து, மருமகளின் கதையை முழுதாகச் சொல்லி முடிப்பாள்.

"நல்ல காரு நானா. அந்த வேனுல நாம பேசுறது உள்ளுக்குக் கேக்கவே கேக்காது. இந்தாங்க, இதைக் கொஞ்சம் டவுன்ல எந் தம்பிகிட்ட குடுத்திருங்க."

"எடமில்லியே, காளியாயி..."

"ஆளுக்குத்தானே எடமில்ல? இது ஆளா? லீக்ஸு!"

லீக்ஸ் கட்டு ரிஃப்னாவின் மடிக்குப் போனது. மறுநாள் யாரோ ஒருவருடைய பிரஷர் மாத்திரை. அதற்கடுத்த நாள் கால் கட்டிய கோழி ஒன்று. எல்லாவற்றையும் அவள் மடியில் வாங்கிக்கொண்டாள். எல்லாம் நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

தவணையின் கடைசி வாரம், தூறலில், தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்ந்த நல்லமுத்து வளைவில் குடையோடு நின்று கையை நீட்டினார். கார் தானாகவே நின்றது போலத்தான் இருந்தது.

"டவுனுக்குத்தானே நானா? வர்ற பஸ்ஸெல்லாம் நிப்பாட்டாமப் போறான்," என்றவர் சீட்டைப் பார்த்தார். அதில் ரிஃப்னா இருந்தாள்.

வெளியாளை மறுத்தால் மானம் போகும். வீட்டாளிடம் கேட்டால் எதுவும் போகாது. அவர் வாழ்ந்து வந்த சட்டம் அது.

"ரிஃப்னா, நீங்க பின்னால வார பஸ்ஸுல வாங்களே. பாவம், வயசாளி."

"எங்க போறாராம்?"

"தலமுடி வெட்டம்மா," என்றார் நல்லமுத்து, கூச்சத்துடன்.

ரிஃப்னா பொலித்தீனோடு இறங்கினாள். முதல் பஸ் நிற்கவில்லை. இரண்டாவதில் மிதிபலகையில் இடம் கிடைத்தது. பாடசாலைக்குள் நுழைந்தபோது முதலாம் பாடம் முடிந்திருந்தது.

"கார் வாங்கினதெண்டு கேள்விப்பட்டன், ரீச்சர்," என்றார் தம்பிஐயா.

"கார் வந்திட்டு சேர். நான்தான் வரல்ல."

அதிபர் சிரிக்கவில்லை. "இன்னொருக்காப் பிந்தினா வகுப்பை ஜெயதீபன் மாஸ்டரிட்டக் குடுத்திடுவன்."

அன்று மாலை வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பிறகு கேட்டாள்: "சாவி எங்க?"

கலியாணத்துக்கு முன்பே எடுத்த லைசன்ஸ் அவளிடம் இருந்தது. வேன் பெரிசு என்று சொல்லிச் சொல்லியே அதை அலமாரியில் வைத்திருந்தார்கள்.

"இந்த ரோட்டுல ஒங்களுக்கு ஏலுமா?"

"ஓட்ட ஏலும். நிப்பாட்டி நிப்பாட்டி ஓட்டத்தான் ஏலாது."

மறுநாள் பொலித்தீனுக்குள் இருந்தவர் ரிஸ்வி. அதே வளைவில் மறுபடியும் நல்லமுத்து நின்றார். இம்முறை கண் கிளினிக்குக்கு. ரிஃப்னா வேகத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க! மொகத்தப் பாத்துட்டாரு!"

கார் நின்றது. நல்லமுத்து அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இருந்த இரண்டு சீட்டையும் பார்த்தார். ரிஃப்னா ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இடது பக்கக் கதவு உள்ளிருந்து திறந்தது.

"ஏறுங்க, நல்லமுத்து ஐயா," என்றபடி ரிஸ்வி இறங்கினார்.

"அப்ப நீங்க, நானா?"

"எனக்கு... பஸ்ஸு வரும்."

ரிஃப்னா நல்லமுத்துவை ஹட்டனில் இறக்கிவிட்டு, மணி அடிக்கும் முன்னரே பாடசாலைக்குள் நுழைந்தாள். தவணை முடியும்வரை அப்படியே நுழைந்தாள். வகுப்பு அவளுக்குக் கிடைத்தது.

வளைவில் கை நீட்ட ஒருவர் தினமும் இருக்கத்தான் செய்கிறார். ரிஸ்வியும் தினமும் தானே கதவைத் திறந்து இறங்கிவிடுகிறார். கடையைத்தான் இப்போது கொஞ்சம் பிந்தித் திறக்கிறார். போன வாரம் ஹட்டன் வழியில் ரோசன் சந்தியில் வாகனங்கள் தேங்கி நின்றபோது, பஸ்ஸுக்கு முன்னால் அந்தச் சிவப்புக் கார், கூரை திறந்து, இடது சீட்டில் யாரோ ஒருவர் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருக்க நின்றது.

"மொதலாளி, அது ஒங்க காருதானே?" என்று கேட்டார் கண்டக்டர்.

"எங்கடதான்," என்றார் ரிஸ்வி பெருமையாக. பஸ் அசைந்தது. அவர் தலைக்கு மேலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.