ஐஸ் பத்தவில்லை

பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை நான். அந்தமானில், ஜங்லிகாட்டில் மீன் வியாபாரம் செய்கிறவன். இதைப் புளுகு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். என் மூக்கு பொய் சொல்லாது.

போன ஆனி மாதம். விடாத மழையில் விமானங்கள் வரிசையாக ரத்து. ஒருவழியாக ஒரு காலையில் போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு இடம் கிடைத்தது. கடலுக்கு மேலே ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். கப்பல் என்றால் மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம். என் மீன் பெட்டிகளும் அதே விமானத்தில், கீழே கார்கோவில் வந்தன.

பாதி வழியில் நாற்றம் அடித்தது. திரும்பினேன். காலியாக இருந்த பக்கத்து இருக்கையில் ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

அழுகல் நாற்றம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் இது... இனித்தது. தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்தினேன். தீவிலிருந்து சொந்தக்காரர்களுக்கு மீன் கொண்டுபோகாதவர் இல்லை. பாதிப் பேருக்கு ஒழுங்காகக் கட்டத் தெரியாது. இவனும் அந்த ரகம் என்று நினைத்தேன்.

"பாயி, மச்லி ஹை க்யா?"

மீனா என்று இந்தியில் கேட்டேன். அவன் சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்... சொட்...

"மீனுக்கு ஐஸ் போடத் தெரியாதாய்யா?" தமிழில் எரிந்து விழுந்தேன்.

"ஐஸ் போட்டாங்க. பத்தல." தலை நிமிரவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம்ணே?"

"ஒரு மணி நேரம்."

"தாங்குமா?"

"இப்பவே நாறிப்போச்சு."

"வீட்டுக்காரி பாக்கணும்னு காத்துக்கிட்டிருக்கா..."

முகத்தைத் தூக்கினான்.

கன்னம் ஊதியிருந்தது. தோல்... நழுவியது. மூக்கிலிருந்து ஏதோ வழிந்தது.

துண்டை அவன் மடியில் வீசினேன்.

"மூடுய்யா அத."

கண்களை இறுக்கிக்கொண்டேன். சக்கரம் தரையில் இடித்த பிறகுதான் திறந்தேன்.

யாரும் இல்லை. இருக்கை ஈரம். துண்டைக் காணோம்.

"அந்த சீட் காலிதான் சார்," என்றாள் பணிப்பெண். அவளும் மூக்கைச் சுளித்தாள்.

மீன் பெட்டிகளை எடுக்க கார்கோ கிடங்குக்குப் போனேன். வாசலில் ஒரு மரப்பெட்டி. அதே நாற்றம்.

உள்ளே இருப்பது முருகையா என்றார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கொத்தனார். தீவில் வேலைக்கு வந்த இடத்தில் செத்து, விமானம் இல்லாமல் கிடந்தவன். அவனோடு வேலை பார்த்து, பெட்டியோடு வந்திருந்த சுரேந்திரன் அவன் மனைவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"வேணாம் ஒச்சம்மா. முகம் பாக்குற மாதிரி இல்ல."

"எப்படி இருந்தாலும் என் புருசன்தான். தெறங்க."

ஆணிகளைப் பிடுங்கினார்கள்.

முகத்தின் மேல் ஒரு கட்டம் போட்ட துண்டு. ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டை.

என் துண்டு.

"நேத்து நான்தான் ஆணி அடிச்சேன்..." சுரேந்திரன் ஓரடி பின்னால் நகர்ந்தார். "துண்டு எதுவும் வைக்கல. கையக்கூட சேத்துக் கட்டித்தான் வச்சேன்."

ஒச்சம்மா துண்டை இழுத்தாள். வரவில்லை.

கட்டு அவிழ்ந்து கிடந்தது. முருகையாவின் இரண்டு கைகளும் துண்டின் ஓரத்தை முகத்தோடு அழுத்திப் பிடித்திருந்தன.