திருவாதிரைக்குப் பக்கத்தில் ரோகிணி

பிள்ளைகளே, நம் கேமரா லென்சின் குறுக்கே ஒரு கீறல் இருக்கிறதே, அதைப் போட்டவர் என் அண்ணி, உங்கள் பெரியம்மா. யார் பார்த்தாலும் லென்சை மாற்றச் சொல்கிறார்கள். நான் மாற்றுவதாக இல்லை.

சில நட்சத்திரங்கள் ஒரே வெளிச்சத்தில் நிற்பதில்லை. மங்கும், மறுபடி தேறும். திருவாதிரை அப்படிப்பட்டது. அதைப் படமெடுத்து அளந்து அனுப்பினால் ஆராய்ச்சிக்கு உதவும் என்று அறிந்தபோது, பத்தாவதோடு நின்று துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் எனக்கும் ஆசை வந்தது. வானம் பார்க்கும் குழு ஒன்றில் போய், நம் ஊரையும் சொல்லி விசாரித்தேன். "எண்ணூரா? அங்கேர்ந்து அனல்மின் நிலையத்துப் புகையத்தான் சார் படமெடுக்கலாம்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் வந்து சொன்னேன். மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார். "அந்தப் புகை அவுங்க வூட்டுக்குக் கரண்டு குடுக்கசொல்ல இனிக்குது, நாம மேல பாத்தா மட்டும் கசக்குதா? கெளம்பு நைனா, கேமரா வாங்கலாம்."

பாரிமுனைப் பக்கம் பழைய கேமரா விற்கும் கடைக்குப் போனோம். எல்லாவற்றையும் கையால் திருகி வைக்க முடிய வேண்டும்; படத்தைத் தானாக மெருகேற்றாமல், விழுந்த வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கடைக்காரர் முழங்கை நீள லென்ஸ் ஒன்றை மாட்டி, "நிலாவுல பள்ளம்கூடத் தெரியும்க்கா" என்றார். நான் மயங்கிவிட்டேன். அண்ணி அதை வாங்கி எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒரு ஜன்னல்தான் கீது. பக்கத்து ஜன்னல் எங்க?"

"இது கிட்டக்க இழுக்கிற லென்ஸுக்கா."

"இழுத்து? ஒத்த வஞ்சிரத்தக் காட்டி, இது பெருசா சிறுசான்னு கேட்டா இன்னா சொல்லுவ? பக்கத்துல இன்னொண்ணு வெச்சாத்தானே தெரியும்? நட்சத்திரம் மங்கிச்சின்னு எத்த வெச்சு சொல்லுவான் எங்கொழுந்தன்?"

"மீனுக்கும் நட்சத்திரத்துக்கும் முடிச்சுப் போடறியேக்கா!" கடைக்காரர் சிரித்துக்கொண்டே சாதாரணச் சின்ன லென்சை மாட்டினார். அதில் தெருவே வந்தது. திருவாதிரையும், அதிகம் மாறாத ரோகிணியும் ஒரே படத்தில் விழ அதுதான் சரி.

தை மாதத்து மாலை. மொட்டை மாடியில் ஐஸ் பெட்டியின்மேல் கேமராவை வைத்தோம். லென்சில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தது. நம் தெருவில் தட்டோ டிவியோ, சாம்பல் விழுந்தால் முந்தானையால் ஒரே இழுப்பு. அண்ணியும் அப்படியே இழுத்துவிட்டார். ஊதி எடுக்க வேண்டிய சாம்பல், மணல்போல லென்சை அறுத்தது. அண்ணியின் முகம் வாடி நான் பார்த்தது அன்றுதான்.

இருந்தாலும் படமெடுத்தேன். படத்தில் கீறலின் தடம் கண்ணுக்குத் தெரியவே இல்லை. "கீறல் வெளிச்சத்தைக் கொறைச்சாலும் ரெண்டு நட்சத்திரத்துக்கும் ஒண்ணாத்தான் அண்ணி கொறைக்கும்" என்றேன்.

"அப்போ புகை?"

"ஒரே சீரா இருந்தா அதுவும் அப்டித்தான். திட்டுத்திட்டா இருந்தா அன்னிக்கு விட்டுடணும்."

அண்ணி இடுப்பில் கை வைத்துக் கடல் பக்கம் திரும்பினார். "அப்பறம் இன்னாத்துக்கு அவுங்க சிரிச்சாங்கோ?"

சர்க்கரை இப்போது அவர் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. நீங்கள் மாடி ஏறும்போதெல்லாம் கட்டிலிலிருந்து "ஊதுங்கடா, தொடைக்காதீங்க!" என்று கத்துவது இதனால்தான். இறங்கி வந்ததும் திருவாதிரை எப்படி இருந்தது என்று அவருக்குச் சொல்லுங்கள். ரோகிணியோடு சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விடமாட்டார். அளவை அனுப்பும்போது எந்த ஊர் என்று கேட்பார்கள். சென்னை என்று பொதுவாகப் போட்டுத் தப்பிக்காதீர்கள். எண்ணூர் என்றே எழுதுங்கள். லென்சில் கீறல் உண்டா என்று கேட்டால், உண்டு என்று அதையும் எழுதுங்கள்.