பால்கனி ஓட்டையும் மாவ்ஷியின் செருப்பும்

இரண்டு வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிகிற சமயத்தில் நடந்தது இது. அப்போதும் இப்போதும் நாங்கள் புனேயில் வானவடிப் பகுதியில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவருக்கு சாகணில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். வந்ததும் என்னைப் பார்க்கிறாரோ இல்லையோ, ஹாலில் இருக்கும் மீன் தொட்டியைப் பார்த்துவிடுவார்.

தொட்டி சின்னது இல்லை. ஒரு குழந்தை கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதியை வாராவாரம் எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வீட்டில் பக்கெட் ஊர்வலம்தான். ஒரு தடவை இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்த படுக்கையாகக் கிடந்தபடியே யோசித்து, எழுந்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டார். சமையலறைக் குழாயிலிருந்து ஒரு மெல்லிய டியூப். அது சுவரோரமாக வந்து, குளோரினை எடுக்கும் ஒரு ஃபில்டர் வழியாகத் தொட்டிக்குள் சொட்டும். தொட்டியின் மேல்பக்கத்தில் ஓர் ஓட்டை. உள்ளே எவ்வளவு சொட்டுகிறதோ, அவ்வளவு பழைய தண்ணீர் அந்த ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கி பால்கனிக்குப் போய்விடும். மோட்டார்கூட வேண்டாம் என்று என்னிடம் பெருமை பேசினார். நான் மாப்பைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டேன். எனக்கு அவர் மேல் நம்பிக்கை உண்டு, தண்ணீர் மேல்தான் கிடையாது.

முதல் நாள் சோதனையிலேயே வந்தது வினை. குழாயின் நுனி பால்கனி கம்பிக்கு வெளியே நழுவி, மீன் தண்ணீர் அத்தனையும் கீழ்வீட்டு பால்கனியில் கொட்டிவிட்டது. அது நல்ல கோடை. கீழ்வீட்டு மராத்திக்கார அம்மா உளுந்து அப்பளம் இட்டுக் காய வைத்திருந்தார். நனைந்த அப்பளத் தட்டோடு மாடியேறி வந்து அவர் கத்த, எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் நானும் பதிலுக்குக் கத்த, கட்டடமே வேடிக்கை பார்த்தது. அன்று சாயங்காலம் அந்த அப்பளங்களின் போட்டோ எங்கள் குடியிருப்போர் சங்கமான சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் வந்தது. நான் அவர் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இவர் மட்டும் சத்தமில்லாமல் குழாயின் நுனியை பால்கனித் தரையில் இருக்கும் தண்ணீர் போகும் ஓட்டைக்குள் இறக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூப்பில் உள்ள திருகைத் திறப்பார், சாயங்காலம் மூடுவார். நானும் பழகிவிட்டேன்.

இனி என் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஊருக்குக் கிளம்பினால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கேஸ் மூடினோமா, பாலை எடுத்துவிட்டோமா, ஜன்னல் கொக்கி போட்டோமா என்று பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். முக்கியமாக, வீட்டில் உள்ள தண்ணீர் ஓட்டைகள் அத்தனையையும் அடைத்துவிடுவேன். ஒருமுறை ஊர் போய்த் திரும்பியபோது கரப்பான் பூச்சிகள் வீட்டில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. அதிலிருந்து பழைய துணியை பாலிதீன் பையில் சுருட்டி ஓட்டையில் திணித்து, மேலே எதையாவது பாரம் வைத்தால்தான் எனக்கு வண்டி ஏற மனசு வரும்.

அந்த மழைக்கால முடிவில்தான் கோயம்புத்தூரில் என் நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா. மாலையில் ரயில். மீன்களுக்குத் தீனி போடவும் வீட்டைப் பெருக்கவும் எங்கள் வீட்டு வேலைக்கு வருபவரிடம் சாவியைக் கொடுத்திருந்தோம். இங்கே வீட்டு வேலைக்கு வருகிறவர்களை ‘மாவ்ஷி’ என்றுதான் கூப்பிடுவோம், சித்தி என்று அர்த்தம். எங்கள் மாவ்ஷி அடுத்த நாள் காலை, மற்ற வீடுகளை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

ரயிலில் மறுநாள் காலை இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். என் வழக்கமான பாராயணத்தை ஆரம்பித்தேன். கேஸ் மூடியாச்சு, ஃப்ரிட்ஜைக் காலி பண்ணியாச்சு, பாத்ரூம் ஓட்டை அடைச்சாச்சு, பால்கனி ஓட்டை அடைச்சாச்சு.

இவர் கையில் எடுத்த இட்லி வாய்க்குப் போகவில்லை.

“பால்கனி ஓட்டையவா?”

“ஆமாங்க. துணியத் திணிச்சு மேல துளசித் தொட்டிய வெச்சுட்டேன். உங்க குழாய நகத்தி ஓரமா வெச்சிருக்கறேன். ஏனுங்க? அதுல தண்ணி ஞாயித்துக்கெழமதான வரும்?”

“கெளம்பறப்ப நான் தெறந்து விட்டுட்டு வந்தேன். நாம இல்லாதப்ப தண்ணி சுத்தமா இருக்கட்டும்னு கொஞ்சம் தாராளமாவே வெச்சேன்” என்றார்.

நான் அவரிடம் சொல்லவில்லை, அவர் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் அவரவர் வேலையை ரொம்ப ஒழுங்காகச் செய்துவிட்டு, ஒரே ஆட்டோவில் ஏறி வந்திருக்கிறோம்.

எங்கள் பால்கனியின் வெளிப்பக்கம் கம்பிக்குக் கீழே கட்டைச் சுவர், ஹால் பக்கம் விரலளவு உயரத் தடுப்புதான். தொட்டியைப் பார்ப்பதற்காக இவர் ஒரு சின்னக் காமிரா வைத்திருந்தார். போனில் திறந்தார். மீன்கள் ஜம்மென்று நீந்திக்கொண்டிருந்தன. எனக்கு ஒரு வினாடி உயிர் வந்தது. அப்புறம்தான் படத்தின் கீழ் மூலையில் நீலமாக ஏதோ நகர்வதைப் பார்த்தேன். பால்கனியில் விட்டிருந்த என் ரப்பர் செருப்பு. அது ஹாலுக்குள் மிதந்து வந்துகொண்டிருந்தது.

“போச்சு, கீழ்வீட்டுக்காரம்மா இந்தத் தடவ என்னய விடமாட்டாங்க” என்றேன். இவர் படத்தில் தொட்டி ஸ்டாண்டின் காலருகே விரலை வைத்துக் காட்டினார். அங்கே தரையில் எக்ஸ்டென்ஷன் போர்டு கிடந்தது. தொட்டியின் ஃபில்டர், விளக்கு எல்லாம் அதில்தான் செருகியிருந்தது. தண்ணீர் அதன் ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பழைய கட்டடம், மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் எல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது.

“மாவ்ஷி எப்ப வருவாங்க?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாவ்ஷி கதவைத் திறப்பார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, எப்போதும்போல வெறுங்காலோடு உள்ளே கால் வைப்பார். தண்ணீரைப் பார்த்துப் பின்வாங்குகிற ஆளும் இல்லை. அச்சச்சோ என்று நேராகத் துடைக்கத்தான் இறங்குவார்.

அவருக்கு போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. வேலை செய்கிற வீடுகளில் அவர் போன் பையிலேயே கிடக்கும் என்று எனக்குத் தெரியும், இருந்தும் அடித்தேன். சொசைட்டி செயலாளரின் போன் அணைந்து கிடந்தது. வாட்ச்மேன் புதுசு, நம்பர் கிடையாது. குழுவில் அவசரம் என்று இவர் எழுதிப் போட்டது சுற்றிக்கொண்டே இருந்தது, போகவில்லை. ரயில் ஏதோ பொட்டல் காட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். இறங்கி ஓடினாலும் போய்ச் சேர முடியாத தூரம். காமிராவில் மீன்கள் மட்டும் அவை பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் அவற்றை எனக்குக் கண்டாலே பிடிக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு நம்பர். கீழ்வீட்டு அம்மாவின் பிளாக்கை எடுத்துவிட்டு அடித்தேன். எடுப்பாரா? எடுத்தாலும் நான் சொல்வது புரியுமா? அப்பளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால்?

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“தாயி” என்று கூப்பிட்டேன். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். சண்டைக்கு முன்னால் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். அதற்கு மேல் எனக்கு எந்த மொழியும் வரவில்லை. பானி, கரண்ட், மாவ்ஷி, தர்வாஜா மத் கோல்னா என்று வாய்க்கு வந்ததைக் கொட்டினேன். கதவைத் திறக்கவிடாதீர்கள் என்பதை மட்டும் நாலு தடவை சொல்லியிருப்பேன். எதிர்ப்பக்கம் ஒரு கேள்வியும் வரவில்லை. “சமஜ் கயி” என்று ஒரு சத்தம், புரிந்துவிட்டது என்று. போனை வைக்காமலே அவர் ஓடுவது கேட்டது. கூடவே இணைப்பும் அறுந்துவிட்டது.

அடுத்து என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அதுதான் கொடுமை. காமிராப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு அந்தப் படத்தில் தெரியாது. தண்ணீரில் ஒரு கால் தெரிந்துவிடக் கூடாதே என்று எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் வேண்டினேன். எதிர் சீட்டுப் பெரியவர் என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

திடீரென்று படம் கறுத்துப்போனது. இவர் போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். சிக்னல் இல்லையா, இல்லை யாராவது மெயினை இறக்கிவிட்டார்களா? சிக்னல் ஒரு கோடு இருந்தது. அவர் கையைப் பிடித்திருந்தேன்.

போன் அடித்தது. எடுத்தால் கீழ்வீட்டு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அவர் சொன்னதைக் கோத்துப் பார்த்தால் நடந்தது இதுதான். அவர் மாடியேறி வரும்போதே மாவ்ஷி எங்கள் வாசலில் நின்றிருக்கிறார். செருப்பைக் கழற்றியாகிவிட்டது. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியும் ஆகிவிட்டது. தண்ணீரைப் பார்த்து, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உள்ளே காலைத் தூக்கியவரை, கீழ்வீட்டு அம்மா பாதிப் படியிலிருந்தே கத்தி, ஓடிவந்து முந்தானையைப் பிடித்து இழுத்திருக்கிறார். இருவரும் படிக்கட்டில் விழுந்திருக்கிறார்கள். அப்புறம் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, கீழே மீட்டர் அறையில் எங்கள் வீட்டு மெயினை இறக்க வைத்திருக்கிறார். மாவ்ஷியைத் தன் வீட்டில் உட்காரவைத்து டீ கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

“மாவ்ஷிட்ட குடுங்க” என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். எப்படியோ புரிந்து கொடுத்தார். மாவ்ஷி போனை வாங்கினார். மீனுக்கு இன்னும் தீனி போடலை, கரண்ட் இல்லாமல் மீன் தாங்குமா என்று கேட்டார்.

ஊரிலிருந்து திரும்பியதும் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஹிந்தி வாசலில் கைவிட்டுவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கை சிராய்ப்பில் இன்னும் மருந்து போட்டிருந்தார். அவர் கூரையைக் காட்டி, ஈரம் இறங்கிய இடத்தில் நீங்கள்தான் பெயின்ட் அடித்துத் தர வேண்டும் என்று கறாராகச் சொன்னார். சரி தாயி என்றேன்.

இப்போது தொட்டி போர்டு சுவரில் உயரத்தில் இருக்கிறது, கசிவு சுவிட்சும் போட்டாகிவிட்டது. ஊருக்குக் கிளம்பினால் நானும் இவரும் வாசலில் நின்று, என்ன திறந்தோம், என்ன மூடினோம் என்று ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொள்வோம். கீழ்வீட்டில் எங்கள் சாவி ஒன்று தொங்குகிறது. ஆனால் எனக்கு நிம்மதி தருவது இது எதுவும் இல்லை. மாவ்ஷி இன்றும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார், உள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை. வேலை முடித்து அவர் அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்கும்வரை, தினமும், நான் கையில் எடுத்த வேலையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.