குட்டானில் வார்த்த புழு

என் மனைவியின் தம்பி கப்பலில் வேலை செய்தவன். எழுபதுகளில், வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடையில் கிடைக்காத காலத்தில், அவன் பருத்தித்துறைக்கு விடுமுறையில் வந்தபோது ஒரு பெட்டி நிறைய ரப்பர் புழுக்கள் கொண்டுவந்தான். தூண்டில் முள்ளில் கொளுவுகிற பொய் இரை. சிவப்பு, வெள்ளை, பச்சை. தொட்டால் உயிருள்ளதுபோல நெளியும்.

நான் பின்னேரங்களில் இறாலை முள்ளில் குத்தித் துறைமுகப் பாலத்தில் நிற்கிறவன். அவனும் பக்கத்தில் வந்து நின்றான். புழுவைச் சுழற்றி எறிந்து இழுத்தான், பாரை வந்தது. திரும்ப எறிந்தான், சீலா வந்தது. என் இறாலை நண்டு தின்றுகொண்டிருந்தது.

அன்று பாரையைக் கழுவிக்கொண்டே மனைவி, "தம்பி வந்தாப்பிறகுதான் இந்த வீட்டிலை மீன் மணக்குது" என்றாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் கொண்டுவந்து போட்டதெல்லாம் என்ன, வாழைத்தண்டா? குழம்பு நன்றாகத்தான் இருந்தது, எனக்கு இறங்கவில்லை. அவன் கப்பலுக்குத் திரும்ப முன்னம் என் மீனுக்கும் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரவேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

புழு தா என்று கேட்க வாய் வரவில்லை. அவனாகவே, மீன் கடித்து வால் அறுந்தவற்றைப் பேப்பரில் சுற்றித் தந்தான்.

"அத்தான், உதுகளை வைச்சு விளையாடுங்கோ. நெருப்பிலை உருகும். எங்கடை கப்பலிலை ஒருத்தன் சாந்திலை அச்சுச் செய்து வார்க்கிறவன்."

விளையாடுங்கோவாம். அவன் சொன்ன சாந்து அச்சை நான் தொடுவதாக இல்லை. எங்களுக்குத் தெரியாத வார்ப்பா? கொதிக்கிற பனங்கட்டிப் பாகை ஓலைக் குட்டானில் ஊற்றி ஆறவிடுகிற ஊர் இது. பாகைத் தாங்குகிற ஓலை ரப்பரைத் தாங்காதா?

வெறும் பால்பேணித் தகரத்தில் துண்டுகளைப் போட்டு மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்தேன். அவசரத்தில் நெருப்பைக் கூட்டிவிட்டேன். புகை கிளம்பி எல்லாம் கருகிக் காவி நிறமாயிற்று. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஆரை எரிக்கிறியள்?"

அடுத்த முறை நெருப்பைக் குறைத்து, ஈர்க்கால் கிண்டி, பச்சை ஓலையை மடித்து அதில் ஊற்றினேன். ஓலையின் ஈரம் பட்டதும் சீறித் தெறித்தது. ஆறியபின் எடுத்தால் புழுவெல்லாம் பொத்தல். பச்சை ஓலை கூடாதென்று, பனங்கட்டி தின்று முடித்த பழைய குட்டானைப் பிரித்து அந்தக் காய்ந்த ஓலையில் வார்த்தேன். அழகாக வந்தது. காயட்டும் என்று யன்னலில் வைத்துவிட்டு வந்து பார்த்தால் புழுவைக் காணவில்லை, எறும்புதான் தெரிந்தது. ஓலையில் ஒட்டியிருந்த இனிப்பெல்லாம் அதில் ஏறியிருந்தது.

"மீன் வருதோ தெரியாது, எறும்பு நல்லாப் பிடிக்குது அத்தான்" என்றான் அவன். அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

பிறகு பெட்டி இழைக்கிற இளம் பனையோலையான சார்வோலையைப் புதிதாக எடுத்து வெயிலில் காயவைத்து, விரல் நீளத்துக்கு மடித்து, உள்ளே தேங்காயெண்ணெய் தடவி வார்த்தேன். சிவப்பும் பச்சையும் கலந்து ஈரல் நிறத்தில் வந்தது. உடம்பு முழுக்க ஓலையின் வரி. அன்றைக்கே பாலத்துக்குக் கொண்டுபோனேன், அவனும் கூட வந்தான். எறிந்து இழுக்கையில் தூண்டிலின் தங்கூசி நூல் விறைத்தது. முழங்கை நீளத்தில் ஒரு சீலா.

அதை முள்ளிலிருந்து கழற்றக்கூட விடாமல், "எனக்கும் ஒண்டு தாங்கோ அத்தான்" என்றான். சுற்றி நின்றவர்கள் பார்க்கிறார்கள், எப்படி இல்லையென்பது? கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் என் புழுவிலேயே, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பாரை ஒன்றை அவன் ஏற்றினான்.

வீட்டு வாசலிலேயே தொடங்கிவிட்டான். "அக்கா, இது அத்தான்ரை புழுவுக்கு விழுந்தது." புகை, பொத்தல், எறும்பு எல்லாவற்றையும் கையைக் காலை ஆட்டிச் சொன்னான். அயலட்டை வேலியோரம் வந்து நின்று கேட்டது. நாலு பேர் கூடினால் கதைக்கிறவன் நான்தான் என்று ஊரில் பெயர். என் கதையை என்னைவிட அவன் நன்றாகச் சொன்னான். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ரை மனுசன்ரை கை நல்ல கைதான்" என்றாள் அவள், பாரையைத் தடவிக்கொண்டு. கேட்க ஆசைப்பட்ட சொல். அவன் பிடித்த மீனைத் தொட்டுக்கொண்டு சொன்னாள். என் சீலா வாளிக்குள் கிடந்தது.

"உந்தச் சின்னனை நாளைக்குச் சொதி வைப்பம்" என்றாள்.

மறுநாள் காலை அவன் கப்பலுக்குத் திரும்பக் கொழும்புக்கு ரயிலேறினான். மத்தியானம் சீலாச் சொதி வந்தது. நாங்கள் இருவர் மட்டும். அவள் ஒரு கவளம் வாயில் வைக்கும்வரை பொறுத்திருந்து, "எப்பிடி?" என்று கேட்டேன்.

சொதியில் விரலைத் தொட்டு இன்னொருதரம் ருசி பார்த்தாள்.

"தேசிக்காய்ப் புளி கூடிப்போச்சு" என்றாள்.