வால் போடாத குழாய்

ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடிக் குவளையும் அதில் தலைகீழாக நிற்கும் கத்தரிக்கோலும் இன்றைக்கும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. திருப்பதியில் நான் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த ஆய்வகத்தில் சுண்டெலிகளின் வால் நுனியை அந்தக் கத்தரிக்கோலால்தான் நறுக்குவோம். துணுக்கைக் கரைசலில் போட்டு வெதுவெதுப்பாக வைத்திருந்தால் கரைந்துவிடும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, எந்த எலியிடம் நாங்கள் மாற்றிய ஜீன் இருக்கிறது, எதனிடம் இல்லை என்று பார்ப்போம்; இருந்தால் சோதனைப் படத்தில் ஒரு கோடு விழும். ஓர் எலிக்கும் அடுத்த எலிக்கும் நடுவில் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் ஒரு முக்கு. அது எங்கள் சாரின் கட்டளை. திருமலைக்கு வருகிறவர்கள் புஷ்கரிணியில் முங்குவதுபோல ஒரே முங்கு, எல்லாம் போய்விடும் என்று அவருக்கு நம்பிக்கை.

என் சீனியர், சித்தூர்ப் பக்கம் கங்காதர நெல்லூர் என்ற ஊர்க்காரி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய பிஎச்டி முழுக்க அந்த எலிகளை நம்பி இருந்தது. தாயிடமும் தகப்பனிடமும் இல்லாத ஜீன் குட்டியிடம் இருப்பதாக வர ஆரம்பித்ததும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஒருநாள் வால் நறுக்கிய கத்தரிக்கோலை வழக்கம்போல ஸ்பிரிட்டில் முக்கி எடுத்து, வாலே போடாத ஒரு குழாயில் அலசி, அதையும் சேர்த்துச் சோதித்தாள். ஒன்றும் வரக்கூடாத அந்தக் குழாயில் ஜீனின் கோடு பளிச்சென்று வந்தது.

அந்தச் சோதனைப் படத்தை எடுத்துக்கொண்டு அவள் சாரின் அறைக்குப் போனபோது நானும் கூட இருந்தேன்.

“ஸ்பிரிட்டு கிருமியத்தான் சார் கொல்லும். டிஎன்ஏ கத்திரியிலயே ஒட்டிக்கினு அடுத்த எலிக்குப் போவுது. எலிக்கு ஒரு பிளேடு வச்சிக்கலாம் சார்.”

அதே கத்தரிக்கோலை நம்பி அவர் ஏற்கெனவே ஒரு கட்டுரையை அச்சேற்றியிருந்தார். அவள் சொன்னது அவருக்குப் புரிந்தது, முகத்திலேயே தெரிந்தது. “நீ செய்யே சுத்தங்கா லேதம்மா” என்றார். கை சுத்தமில்லையாம்! பத்து பேர் காதில் விழும்படி சொன்னார்.

அடுத்த வாரமே அவளுடைய எலிகள் அத்தனையையும் கொல்லச் சொன்னார். புதிதாக ஆரம்பிக்கலாம் என்று காரணம். புது பிளேடால் மறுபடி நறுக்கிப் பார்த்திருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும், அதற்குத்தான் அந்த அவசரம். பிறகு பிஎச்டியை முடிக்க அவள் கேட்ட கால நீட்டிப்பில் கையெழுத்துப் போடவில்லை. இன்று சித்தூரில் ஒரு கோச்சிங் சென்டரில் பாடம் எடுக்கிறாள், பட்டம் இல்லாமலே.

இப்போது நான் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் என் மாணவர்களைத் திருப்பதியில் ஒரு பயிற்சிக்கு அழைத்துப் போனேன். சிறப்பு விருந்தினர் சார்தான். “எலிக்கு ஒரு பிளேடு. எங்க லேப்ல ஆரம்பத்துல இருந்தே இதான் ரூல்” என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்து அக்காவின் பெயரைச் சொன்னேன்.

“இதச் சொன்னதுக்குத்தான சார் அவங்களத் தொரத்தினீங்க?”

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். “எவரம்மா அது?”

நடிக்கிறார் என்று நினைத்து முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிப்பில்லை. ஒருத்தியின் படிப்பை நாசமாக்கிவிட்டு, அவள் பெயர்கூட நினைவில்லாமல் இத்தனை வருஷமும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் இந்த மனுஷர்.