துரையின் துப்பாக்கியைத் தூக்கிய மாமா

போன மாதம் செரண்டாவில் என் வீட்டுக் கூடத்தில், என் சொந்தக் காசில் வாங்கி மாட்டிய பெரிய டிவியில், என் மாமாவின் துப்பாக்கியைப் பார்த்தேன். பேரன் போட்ட கார்ட்டூன் படம். பறக்கும் கப்பல், பேசும் நரி, தங்கமலை தேடிப் போகும் ஒரு கேப்டன். கேப்டன் கையில் இரட்டைக் குழல் துப்பாக்கி. குழல்கள் அக்கம்பக்கமாக இருந்தன. பின்னால் நாய்க்காது மாதிரி, தோட்டாவை அடிக்கும் குதிரைகள் இரண்டு வெளியே நின்றன. கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் ஒரு பறவை செதுக்கியிருந்தது. சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இது மெய்யான துப்பாக்கி என்றேன். பேரன் போனைத் தடவி, "ஆமாலா தாத்தா, நெட்லயே இருக்கு" என்று காட்டினான். அந்தப் படத்தில் யார் கையில் என்ன துப்பாக்கி, எந்த நாட்டில் செய்தது, எந்தக் காலத்தது என்று யாரோ வேலை மெனக்கெட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். கொள்ளையர் இடுப்பில் இருப்பது சிக்கிமுக்கிக் கல் உரசிச் சுடுவதாம். கோட்டைக் காவலாளிகளுடையது திரியில் நெருப்பு வைத்துச் சுடுவதாம். கேப்டனுடையது வெள்ளைக்காரன் வேட்டைக்கு வைத்திருந்ததாம். இதைச் சொல்ல எனக்கு நெட் வேண்டியதில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒற்றை லோரியில் தொடங்கி இன்று எத்தனை லோரி ஓடுகிறது என்று ஊரைக் கேளுங்கள். அந்தக் கேப்டன் குழலை ஒருமுறைகூட மடித்துத் தோட்டா போடாமல் ஐந்தாறு தடவை சுட்டான். படம் வரைந்தவனுக்கு இது தெரியவில்லை, எனக்குத் தெரியும். கேப்டனுக்குப் பின்னால் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு ஒரு குண்டுக் கரடி வந்தது. அது தடுக்கித் தடுக்கி விழ, பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார். மாலையில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காட்டுப்பன்றி சுடக் கிளம்பினால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பார். துரை கை நீட்டினால் கொடுக்க வேண்டும், சுட்டபின் வாங்கிக்கொள்ள வேண்டும், பங்களாவில் வைத்துக் குழலுக்கு எண்ணெய் போட வேண்டும். விசையில் மட்டும் விரல் படக்கூடாது. "மாடு துரை வீட்டுது, சாணி அள்றது நீயா?" என்று தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் கேலி பேசுவார்கள். மாமா கோபித்ததே இல்லை. அந்தத் துப்பாக்கியை அவர் துடைப்பதைப் பார்த்தவர்களுக்கு அது யாருடையது என்ற சந்தேகமே வராது.

துரை சீமைக்குத் திரும்பும் நாளில், பங்களா வாசலில் வைத்து அதை மாமாவிடமே கொடுத்தார். இனி இது உன்னுடையது, கிராணி லைசன்ஸில் பேர் மாற்றித் தருவார் என்றார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பக்கத்தில் நின்று தலையாட்டினார். துரை போனபிறகு மாமா கேட்கும்போதெல்லாம் கிராணி, பார்க்கலாம் பார்க்கலாம் என்றே ஓட்டினார். மாமாவுக்குத் துரை சொன்னால் அதுதான் சட்டம். ஒரு நாள் சலவைச் சட்டை போட்டு, துப்பாக்கியை மறைக்கக்கூட இல்லாமல் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு, பேர் மாற்றித் தரச் சொல்லி அவரே போலீஸ் நிலையத்துக்குப் போனார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி போனார் என்று அத்தை சொல்வார்.

மாமா பேரில் லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி. பிடித்து உட்காரவைத்து, கிராணியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பேர் மாற்றாமல் போட்டு வைத்த குற்றம் தன் தலையில் விழும் என்று அந்த ஆளுக்குப் பயம்.

"எனக்கு ஒன்னும் தெரியாது சார். துரை பங்களாவுல காணாமப்போன சாமான் அது."

மாமா ஜெயிலுக்குப் போனார். வேலையாள் இல்லாத குடும்பத்துக்கு லயத்தில் வீடு கிடையாது என்று அத்தையையும் பிள்ளைகளையும் சட்டிபானையோடு வெளியே அனுப்பினார்கள். திரும்பி வந்த மாமாவை எந்தத் தோட்டமும் சேர்க்கவில்லை. கண்ட இடத்தில் புல் வெட்டித்தான் பிழைத்தார். கிராணியோ கோயில் தலைவராகச் செத்தார். அவர் மேல் விழுந்த மாலைகளைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

பிறகு நான் தலையெடுத்தேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் சொந்தமாக வாங்கினேன். பன்றித் தொல்லையைக் காட்டி வேட்டைத் துப்பாக்கிக்கு மனுப் போட்டேன். எத்தனை ஆபீஸ், எத்தனை கையெழுத்து, நான் விடுகிறவனா? லைசன்ஸ் வாங்கி, தேடிப்பிடித்து இரட்டைக் குழலாகவே வாங்கினேன். வாழ்நாளில் ஒரு தடவையாவது மாமா விசையை இழுக்க வேண்டும் என்பது என் வெறி. புக்கிட் பெருந்துங்கில் தன் மகன் வீட்டில் இருந்த மாமாவிடம் காரில் கொண்டுபோனேன். உறையைப் பிரித்து வாசலிலேயே நீட்டினேன். மாமா குழலைப் பார்த்தார், குதிரைகளைப் பார்த்தார். அவர் கண் அந்தப் பறவையைத் தேடுகிற மாதிரி கட்டையின் மேல் போய்ப் போய் வந்தது. கையை நீட்டவில்லை.

"லைசன்ஸ் யாரு பேருல மாப்ள?"

"என் பேருலதான் மாமா. நம்ம தோட்டம், நம்ம துப்பாக்கி. நான் சொல்றேன், நீங்க சுடுங்க."

"துரையும் இப்படித்தான் சொன்னாரு."

நான் துப்பாக்கியை இன்னும் முன்னால் நீட்டினேன். எத்தனையோ டவுக்கேகளை, பெரிய சீன முதலாளிகளை, வாயாலேயே மடக்கியவன் நான். மாமா தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கொண்டுபோய் வண்டியில வை. ஆளுங்க பாக்குறாங்க" என்றார். நான் அதைக் காருக்குள் வைத்துப் பூட்டித் திரும்பும்வரை, அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார்.