பைக்குள் போன சிவப்புத் துணி

போன வருடம் ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை. மதியம் மணி மூன்று நாற்பத்திரண்டு. நிமிடம்கூடப் பிசகாமல் சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. என் மகனின் பள்ளியிலிருந்து அந்த நேரத்தில்தான் அழைப்பு வந்தது. கைப்பேசியில் அந்தப் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு சந்துக்குள் சின்னதாக ஒரு பிளவுஸ் தையல் கடை வைத்திருக்கிறேன். உள்ளே இரண்டு தையல் மெஷின், முன்னால் ஒரு கண்ணாடி மேசை, வாசலோரம் ஒரு அலமாரி. வெட்டி மிஞ்சும் துண்டுத்துணிகளை அலமாரிக்குக் கீழே ஒரு பெட்டியில் போட்டு வைப்பேன். பள்ளிப் பிள்ளைகள் கைவேலைக்கு எடுத்துப் போவார்கள்.

அன்று பள்ளியிலிருந்து பேசிய ஆசிரியர், விளையாட்டு வகுப்பில் என் மகன் மயங்கி விழுந்துவிட்டான், இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். தலையில் அடிபட்டதா, வாந்தி எடுத்தானா, காலையில் சாப்பிடாமல் போனானே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கடைப் பாட்டுச் சத்தத்தில் பதில் சரியாகக் கேட்கவில்லை. வாசலைத் தாண்டி அஞ்சடி நடைபாதைக்குப் போய், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினேன். ஆசிரியரிடமும், பிறகு அவனை அழைத்துவர என் கணவரிடமும். மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

ஐந்து மணிக்கு ஒரு அம்மா வந்தார். சனிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். கூறைப்புடவைக்கு ஃபால்ஸ் வைத்து, முந்தானையில் குஞ்சம் கட்டி, பிளவுஸும் தைத்து, எல்லாவற்றையும் உள்ளிருப்பது தெரிகிற ஒரே பையில் போட்டு, மூன்று மணிக்கு என் கையாலேயே வாசலோர அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். குனிந்து பார்த்தேன். தட்டு காலியாக இருந்தது.

அரக்குச் சிவப்பில், உடம்பெல்லாம் சரிகை போட்ட புடவை அது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நல்லா பாருங்க, இங்கதான் எங்கயாவது இருக்கும்" என்று எனக்கே தைரியம் சொன்னார். அதுதான் இன்னும் கலக்கியது.

மூன்று வருடம் முன்பு எங்கள் சந்தில் தொடர்ந்து பொருட்கள் காணாமல் போனபோது, எல்லோரும் சேர்ந்து ஆளுக்கொரு கேமரா பொருத்தினோம். என் கடையில் அது வாசலுக்கு மேலே இருக்கிறது. உள்ளே வருபவர்களும் வெளியே போகிறவர்களும் தெரிவார்கள். கீழ்த்தட்டும் அதற்குக் கீழே இருக்கும் பெட்டியும் மட்டும் மறைந்துவிடும். நான் கடையில் இல்லாத நேரம் எது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். மூன்று நாற்பத்திரண்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை. பதினாலு வயதிருக்கும். அலமாரியின் முன்னால் குனிகிறாள். ஒருமுறை கடையின் உட்பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். சிவப்பாக ஏதோ ஒன்று அவள் பைக்குள் போகிறது. பிறகு போய்விடுகிறாள். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் வேறு யாரும் இல்லை.

பத்து முறையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பு பைக்குள் போனது.

பக்கத்தில் பயணப் பெட்டிக் கடை வைத்திருக்கும் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் சந்துக் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்துவதும் அவர்தான். முதலில் போலீசில் சொல்லு, மற்றதெல்லாம் அப்புறம் என்றார். சில மாதங்களுக்கு முன்பு போலீஸ்காரர்கள் வந்து எங்களுக்கு இதைத்தான் சொல்லித் தந்தார்கள். புகார் கொடுங்கள், பதிவைப் பத்திரமாக வையுங்கள், படத்தை நீங்களாகப் பரப்பாதீர்கள் என்றார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவள் நான்.

ஆனால் அன்று என் மனம் வேறு மாதிரி ஓடியது.

"சின்னப் பிள்ளை பாய். போலீஸ், கேஸுன்னு போனா அவ படிப்பு என்ன ஆகும்? கூட்டாளிங்க பாத்துச் சொன்னா அவளே கொண்டாந்து குடுத்துடுவா."

"அதுக்குத்தான் சொல்றேன் தங்கச்சி. போலீஸ்ல சொன்னா விசாரிப்பாங்க. படம் போனா போனதுதான், திரும்பி வராது லா."

கேட்கவில்லை நான். பதிவிலிருந்து ஒரு படம் எடுத்து, அவள் முகத்தின் மேல் ஒரு மஞ்சள் வட்டத்தை வைத்து மறைத்தேன். நானும் பிள்ளை பெற்றவள்தானே என்று என்னை நானே மெச்சிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. 'இன்று இரவுக்குள் புடவையைத் திருப்பித் தந்துவிட்டால் போலீசுக்குப் போகமாட்டேன். தெரிந்தவர்கள் இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று எழுதி, என் எண்ணையும் போட்டு, ஐந்தே காலுக்குக் குழுவில் அனுப்பினேன்.

முகத்தைத்தான் மறைத்தேன். பையில் தொங்கிய பச்சைக் கம்பளித் தவளைப் பொம்மையை மறைக்கத் தோன்றவில்லை.

அரை மணி நேரத்தில் அதே படம், என் மகனின் வகுப்புப் பெற்றோர் குழுவில் எனக்கே வந்தது. நான் எழுதிய வரிகள் அதில் இல்லை. 'தேக்காவில் சீருடை போட்ட திருட்டுக் கும்பல், கடைக்காரர்கள் உஷார்' என்று இருந்தது. கீழே யாரோ அவள் பள்ளியின் பெயரைப் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே, வளர்ப்பு சரியில்லை என்று ஒருவர். நாலு பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். இருந்தாலும் புடவை கிடைத்தால் போதும் என்று சும்மா இருந்தேன்.

ஆறு பத்துக்கு என் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். ஒரு பெண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு பேசியது.

"அக்கா, படத்தோட உங்க நம்பரும் வந்துச்சு. அதுல இருக்கறது என் மக. அவ எடுத்தாளா இல்லையான்னு அப்புறம் பேசிக்கலாம். டியூஷனுக்கு வரலன்னு சொல்றாங்க. போனை ஆஃப் பண்ணிட்டா. உங்க கடைப் பக்கம் எங்கயாவது நிக்கறாளா, கொஞ்சம் வெளிய வந்து பாக்கறீங்களா?"

நான் கோபத்தை எதிர்பார்த்திருந்தேன். அதற்குப் பதிலாக அவர் என்னிடம் உதவி கேட்டார். கைப்பேசியைக் காதில் வைத்தபடியே அஞ்சடிக்கு ஓடினேன். மதியம் நின்று பேசிய அதே இடம். எத்தனையோ சீருடைகள் போய்க்கொண்டிருந்தன. எந்தப் பையிலும் தவளை இல்லை.

உடனே போலீசை அழைத்தேன். புடவையைப் பற்றிக் கடைசியாகத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அந்தப் பிள்ளையின் அடையாளங்களைக் குறித்துக்கொண்டு வெளியே நின்று யார் யாருக்கோ தகவல் சொன்னார். இன்னொருவர் தமிழ்ப் பையன் மாதிரித்தான் இருந்தார், முப்பதுகூட இருக்காது. பதிவைப் போடச் சொன்னார். ஒரே ஒரு முறை பார்த்தார்.

"மேடம், போன் வந்ததும் வாசல் வழியாத்தான் வெளிய போனீங்க?"

ஆமாம் என்றேன்.

"அப்போ இதுல நீங்க எங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் திரும்ப ஓடவிட்டார். மூன்று நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. அந்த வாசலை நான் தாண்டவே இல்லை. பத்து முறை பார்த்தவள், அந்தப் பிள்ளையின் கையை மட்டுமே பார்த்திருக்கிறேன். என்னைத் தேடவே இல்லை.

அவர் தன் கைப்பேசியை எடுத்துத் திரையின் பக்கத்தில் வைத்தார். கைப்பேசியில் மணி ஆறு முப்பத்து மூன்று. கேமராவில் ஆறு ஐம்பத்தெட்டு. பொருத்திய நாளிலிருந்து அதன் கடிகாரத்தை யாரும் தொட்டதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஓடி, இருபத்தைந்து நிமிடம் முந்திப் போயிருந்தது.

நான்கு ஏழுக்குப் போனார். அங்கே இருந்தேன் நான், கைப்பேசியோடு வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டு. நாலு நிமிடம் கழித்து, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், கழுத்தில் அலுவலக அட்டையோடு ஒரு ஆள் உள்ளே வந்தார். நிதானமாகக் குனிந்தார். பையை எடுத்துக்கொண்டு, தன் பொருளை வாங்கிப் போகிறவர் மாதிரி என் முதுகுக்குப் பின்னால் நடந்து போனார்.

அந்தப் பிள்ளை வந்து போனது மூன்று பதினேழுக்கு. அப்போது நான் உள்ளே மெஷினில்தான் இருந்திருக்கிறேன். அவள் திரும்பிப் பார்த்தது என்னைத்தான். அவள் குனிந்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குனிந்து துண்டுத்துணிப் பெட்டியைப் பார்த்தேன்.

அந்த ஆளைப் பத்து நாள் கழித்து வேறொரு கடையில் பிடித்தார்கள், புடவையும் கிடைத்தது. அதற்குள் கல்யாணம் வேறு புடவையில் முடிந்துவிட்டது. அந்த அம்மாவின் முகத்தை நான் எப்படிப் பார்த்தேன் என்பது தனிக் கதை.

அன்று மாலை எனக்குப் புடவை ஞாபகமே இல்லை. படத்தை அழித்தேன். தவறு என்னுடையது, அந்தப் பிள்ளை எதையும் திருடவில்லை என்று இரண்டு குழுவிலும் எழுதினேன். படம் அனுப்பியபோது வந்த பதில்களை எண்ண முடியாது. இதற்கு மூன்று பேர் பதில் போட்டார்கள். கணவர் கூப்பிட்டு, மகன் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறான் என்றார். என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரிகிறது, அந்தத் தாய்க்குத் தெரியவில்லையே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. பாய் தன் கடையைப் பாதி சாத்திவிட்டு ஒரு ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

ஏழு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி. 'கிடைச்சுட்டா.' அவளுடைய அம்மா ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வேறு யாரும் சொல்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று, படத்தைப் பார்த்ததும் பிள்ளை ரயிலேறி அங்கே போயிருக்கிறாள். அவர் இவளைத் தேடிக் கிளம்பிவிட்டது தெரியாமல், தொழிற்சாலை வாசல் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கூட வேலை செய்கிற ஒரு பெண்தான் பார்த்திருக்கிறார். அவள் பத்திரமாகக் கிடைத்ததே போதும், தவறு முழுக்க என்னுடையது, வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று பதில் அனுப்பத் தொடங்கினேன். எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கு அவர்களே வந்தார்கள். அம்மா தொழிற்சாலைச் சட்டையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். அவள்தான் இங்கே வரவேண்டும் என்றாளாம்.

நான் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் நேராக உள்ளே வந்து, தவளை தொங்கிய பையைக் கண்ணாடி மேசை மேல் வைத்து, ஜிப்பைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, செக் பண்ணிக்கோங்க."

வேண்டாம்மா, நீ எடுக்கல, எனக்குத் தெரியும் என்றேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தாள். பென்சில் பெட்டி, கணக்கு நோட்டு, மடித்த விளையாட்டுச் சட்டை. கடைசியாகக் கைக்குட்டை அளவில் ஒரு சிவப்புத் துண்டுத்துணி. அதில் பூவிதழ் மாதிரி பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"இதுதான் எடுத்தேன். பெட்டியில ஃப்ரீன்னு எழுதியிருந்துச்சு. இன்னும் வெட்டல ஆன்ட்டி, வேணும்னா வெச்சுக்கோங்க."

அந்தப் பெட்டியில் இருப்பது என் கையெழுத்து. கேமராவின் மணியை இப்போது வாரம் தவறாமல் சரிபார்த்துவிடுகிறேன், ஆனால் ஒரு தப்பும் செய்யாத பிள்ளை என் முன்னால் வந்து தன் பையைத் தானே திறந்து காட்டும்படி வைத்தேனே, அதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.